அயல் வழக்கங்களும் தமிழர் மரபும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியிலிருந்து வந்த வழக்கங்கள் நம் பண்பாட்டை அழிக்கின்றனவா, வளர்க்கின்றனவா என்ற கேள்வி பட்டிமன்ற மேடைகளில் பலமுறை எழுந்திருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஒரு பக்கம் வெல்லும், மறுபக்கம் தோற்கும். இந்தப் பக்கத்தில் அப்படித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இசையிலும் ஆட்டத்திலும் உணவிலும் உடையிலும் உண்மையில் நடந்தவற்றை எடுத்துக்கொண்டு, வந்த வழக்கம் எவர் கையில் சேர்ந்தது, எவர் கையிலிருந்து எதைப் பறித்தது என்று பார்க்க முயன்றிருக்கிறோம்.

பிறரிடமிருந்து வழக்கங்களை ஏற்பது தமிழர்க்குப் புதிதா?

புதிதன்று. முசிறித் துறைக்கு வந்த யவனர் மரக்கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அங்கே கறி என்பது மிளகு. நம் அடுக்களையின் காரம் நெடுங்காலம் அந்த மிளகாகவே இருந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, போர்த்துகீசியர் திறந்த கடல்வழியில் அமெரிக்கக் கண்டங்களுக்குரிய மிளகாய் இங்கே வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் பின்னர் வந்து சேர்ந்தன. இன்று மிளகாய் இல்லாத குழம்பைக் கிராமத்துக் குழம்பு என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள்.

ஆனாலும் ஓரிடத்தில் பழைய அடுக்களை அப்படியே நிற்கிறது. திவசச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகையே சேர்க்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு அன்று இடமில்லை. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆண்டு முழுவதும் புதியதை உண்டு மகிழும் அதே வீடு, முன்னோர்க்குப் படைக்கும் நாளில் முன்னோர் அறிந்த காய்களைத் தேடிச் செல்கிறது. இதை முரண்பாடு என்று நான் கருதவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றாமல் வைக்கலாம் என்பதை அந்த வீட்டுப் பெண்கள் எவருடைய ஆணையும் இல்லாமல் தாங்களே வகுத்துக்கொண்டார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

வயலின் ஐரோப்பியக் கருவியாயிற்றே. அது கருநாடக இசையைக் கெடுக்கவில்லையா?

கெடுக்கவில்லை. ஏன் கெடுக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பிய இசைக் கலைஞர் ஒருவரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வர் என்று போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். அவர்களுள் இளையவரான வடிவேலு வயலினில் பெரும் தேர்ச்சி பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரும் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டுஸ்வரம் என்ற பெயரில் அவை இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' என்ற துதியாக மாறியது அவற்றுள் ஒன்று.

இவர்கள் அனைவரும் தங்கள் மரபில் ஊறித் தேர்ந்த பிறகே அயல் கருவியைத் தொட்டவர்கள். ஆகவே கருவியின் மரத்தையும் நரம்பையும் ஏற்றுக்கொண்டார்களே தவிர, அதை வாசிக்கும் முறையை ஏற்கவில்லை. ஐரோப்பியர் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ வாசித்ததை, நம்மவர் தரையில் சம்மணமிட்டு, கருவியின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தார்கள். கருவியைத் தாங்கும் பொறுப்பிலிருந்து இடக்கை இவ்வாறு விடுபட்டதால், விரல்கள் நரம்பின்மீது வழுக்கிச் சென்று கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளையும் வளைவுகளையும், பிடிக்க முடிந்தது. சுருதி கூட்டும் முறையையும் மாற்றி, பாடகரின் குரலுக்கு ஏற்ப ஷட்ஜ பஞ்சமத்தில் (ச, ப) நரம்புகளை அமைத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வாசிக்கும் முறையைப் பார்த்தால் அதை ஐரோப்பியக் கருவி என்று சொல்வதற்கும் மனம் வரவில்லை.

அப்படியானால் ஆர்மோனியம் மட்டும் ஏன் எதிர்க்கப்பட்டது?

வயலினில் இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதையும் விரல் தொட முடியும். ஆர்மோனியத்தின் கட்டைகள் சுரங்களை நிலையாக நிறுத்திவிடுகின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வளைந்து இழைந்து செல்ல அதில் வழியில்லை. எனவே அக்கருவி நம் இசையின் உயிர்நாடியையே தொட முடியாதது என்று இசைவாணர் பலர் வாதிட்டார்கள். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது. தடை தளர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் தடையால் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்தெடுத்த நாடக மேடையிலும், பின்னர் கிராமத்துப் பஜனைக் கூடங்களிலும் ஆர்மோனியம் தனக்குரிய இடத்தைத் தேடிக்கொண்டது. அங்கே வேண்டியிருந்தது திறந்தவெளியில் கடைசி வரிசை வரை கேட்கும் ஒலி. அதை அது கொடுத்தது.

கேடு எப்போது நேர்கிறது?

வந்தது ஒரு கருவியாகவோ உணவாகவோ இருந்தால் அதை நம் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடிகிறது. வந்தது பிறருடைய அளவுகோலாக இருந்து, அதைக் கொண்டு நம் மக்களை நாமே அளக்கத் தொடங்கினால் கேடு நேர்கிறது. இதற்குப் பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிராட்டத்தின் கதையைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மேலே சொன்ன தஞ்சை நால்வரே அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று சதிர்க் கச்சேரியின் வரிசையை ஒழுங்கு செய்தவர்கள். வயலினை வரவேற்றுக் கருநாடக இசைக்குள் குடியமர்த்திய அதே குடும்பம்தான், இன்று பரதநாட்டியம் என்று உலகறிந்த ஆட்டத்தின் அமைப்பையும் தந்தது. அந்த ஆட்டத்தை ஆடியவர்கள், இறைவனுக்கு மணம் செய்விப்பதாகத் தாலி கட்டி, அதாவது பொட்டுக்கட்டி, கோயில்களுக்கு விடப்பட்ட, தேவதாசிகள் எனப்பட்ட பெண்கள். ஆட்டத்தைக் கற்பித்து நடத்தும் நட்டுவனார்களும் இசைவாணர்களும் அவர்களுடைய சுற்றத்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், விக்டோரியா கால இங்கிலாந்தின் ஒழுக்க நெறியையும் பாதிரிமார்களின் கண்டனத்தையும் படித்து வளர்ந்த நம் கற்றோர், அந்தக் கண்கொண்டு இப்பெண்களைப் பார்த்தார்கள். 1890களில் சென்னையில் தொடங்கிய நாட்டிய எதிர்ப்பு இயக்கம், அவர்கள் ஆடும் விருந்துகளுக்குச் செல்லக்கூடாது என்று உயர் அதிகாரிகளிடமே முறையிட்டது. ஆட்டக்காரியை வீட்டு விழாவுக்கு அழைப்பது இழுக்கு என்ற எண்ணம் மெல்ல மெல்லப் பரவியது. பிழைப்பு போயிற்று, அதற்கும் முன்பாக மதிப்பு போயிற்று.

பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதுதானே? சீர்திருத்தவாதிகளைக் குறை சொல்வது சரியா?

ஒழிய வேண்டியதே. அறியாப் பருவத்துச் சிறுமிகளை அவர்கள் தேர்ந்துகொள்ளாத வாழ்வுக்குள் தள்ளிய வழக்கம் அது. அதை எதிர்த்தவர்களில் முன்னின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்தச் சமூகத்திலேயே பிறந்தவர்கள். அந்தத் துன்பத்தை வெளியே நின்று பார்த்துப் பேசியவர்கள் அல்லர். 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை நான் மதிக்கிறேன்.

என் வருத்தம் வேறு. சிறுமிகளைக் காப்பது ஒரு செயல். ஏற்கெனவே கலைஞர்களாக வளர்ந்திருந்த பெண்களின் பிழைப்புக்கும் கலைக்கும் வழி செய்வது மற்றொரு செயல். முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. அச்சமூகத்துப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட பெண்கள் தங்கள் தரப்பை எடுத்துரைத்தபோது, கேட்க வேண்டியவர்கள் பெரும்பாலும் கேட்கவில்லை. திருவையாற்றில் தியாகராசரின் சமாதியில் கோயில் எழும்பியது இந்த நாகரத்தினம்மாளின் பொருளாலும் உழைப்பாலும்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆட்டம் அழியவில்லை. 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாதெமியின் மேடையிலும், 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரத்திலும் அது புது வாழ்வு பெற்றது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் புதிய மாணவிகளுக்குக் கற்பித்தார்கள். பரம்பரையிலிருந்து வந்த பாலசரஸ்வதி (1918–1984) உலக அரங்குகளில் ஆடினார். ஆனால் அவருக்கு இணையாக ஆடக்கூடிய எத்தனையோ பெண்கள் தங்கள் மகள்களுக்கு ஆட்டத்தைக் கற்றுத்தர அஞ்சி, சலங்கையைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். கலை பிழைத்தது, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த குடும்பங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. அயல் வழக்கத்தின் தாக்கத்தைக் கணக்கிடும்போது இந்த இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அயல் வழக்கம் நம் மக்களுக்கு நன்மை செய்ததே இல்லையா?

செய்திருக்கிறது, அதுவும் மரபு எவரை ஒடுக்கியதோ அவர்களுக்கே செய்திருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. நாடார் உள்ளிட்ட பல சமூகப் பெண்கள் உயர்சாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே மரபு என்ற பெயரில் நிலவிய விதி. கிறித்தவ சமயப் பணியாளர்களின் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் சென்ற பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டையை அணியத் தொடங்கினார்கள். சந்தைகளில் அவர்களுடைய துணிகள் கிழிக்கப்பட்டன. வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு குறிக்கும் இந்தக் கலகம் பல பத்தாண்டுகள் நீடித்து, 1859 ஜூலையில் நாடார் பெண்கள் அனைவரும் மேலாடை அணியலாம் என்ற அரச அறிவிப்பில் முடிந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போலவே அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று குரல் எழும்போதெல்லாம் இந்த வரலாற்றை நான் எடுத்துச் சொல்வதுண்டு. அந்தப் பெண்களின் தோளிலிருந்து சீலையைப் பறித்தவர்களும் மரபைக் காப்பதாகவே சொன்னார்கள்.

புதிய வழக்கம் வந்தால் பழைய ஏற்றத்தாழ்வு தானாக மறைந்துவிடுமா?

மறைவதில்லை. தேநீரைப் பாருங்கள். ஆங்கிலேயர் மலைத்தோட்டங்களில் பயிரிட்டு, பின்னர் உள்நாட்டிலேயே விளம்பரம் செய்து விற்ற பானம் அது. சாதி விதி எதுவும் அதற்கு முன்பு இருந்திருக்க முடியாது. இருந்தும், ஊர்தோறும் தேநீர்க் கடைகள் முளைத்தபோது தலித் மக்களுக்குத் தனிக் குவளை என்ற இரட்டைக் குவளை முறையும் கூடவே முளைத்தது. காப்பி விற்ற உணவகங்களிலும் பிராமணர்க்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வந்த பொருள் எவ்வளவு புதியதாக இருந்தாலும், அது இறங்கும் மண்ணில் உள்ள நோயும் அதைப் பற்றிக்கொள்கிறது. அயல் பழக்கத்தால் நாகரிகம் வளர்ந்துவிட்டது என்று மகிழ்வோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அயலாரின் முறைகளைக் கைக்கொண்டே மரபைக் காத்தவர்கள் உண்டா?

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தலைசிறந்த எடுத்துக்காட்டு. இளமையில் அவர் மெதடிஸ்ட் சபையின் பள்ளியில் பயின்று, அங்கேயே கற்பித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைசெய்தார். பாதிரிமார்கள் எதனால் மக்களிடம் செல்வாக்குப் பெறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து கண்டார். பள்ளிக்கூடம், அச்சகம், மேடைப் பிரசங்கம், எளிய உரைநடைப் பாடநூல், வினாவிடை வடிவில் சமயக் கல்வி ஆகிய அனைத்தையும் பின்னர் சைவத்துக்காகக் கையாண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி நிறுவினார். அவருடைய சைவ வினாவிடை நூல்கள் தலைமுறைகள் தாண்டிப் படிக்கப்பட்டன.

அச்சுக்கலையும் அப்படித்தான். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானதும், 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு வெளிவந்ததும் சமயம் பரப்பும் நோக்கத்தால் நிகழ்ந்தவை. அதே கலை உ. வே. சாமிநாதையர் கையில் சேர்ந்தபோது, 1887இல் சீவக சிந்தாமணியும் 1892இல் சிலப்பதிகாரமும் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீண்டன. நாவலரிடம் ஒரு குறையும் உண்டு: அவர் காத்த மரபில் சாதி வேற்றுமையும் சேர்ந்தே இருந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் போற்றுவது முழுமையாகாது.

'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூலே சொல்லியிருக்கும்போது கவலை எதற்கு?

பவணந்தி முனிவர் அங்கே இலக்கணம் பேசுகிறார். காலப்போக்கில் வழக்குகள் மாறினால் அதைப் பிழை என்று கொள்ள வேண்டா என்பது அவர் கூற்று. எதையும் கழிக்கலாம், எதையும் புகுத்தலாம் என்ற இசைவை அந்த நூற்பாவிலிருந்து பெற முடியாது. ஒன்று தானாகக் கழிந்ததா, அதைச் சுமந்தவருக்குக் கூலி கொடுக்காமல் நாம் கழித்தோமா என்று கேட்டுப் பார்த்த பின்னரே அதை மேற்கோள் காட்டலாம்.

பிறந்தநாளில் கேக் வெட்டுவதும் சனவரி முதல் நாளில் நள்ளிரவு வழிபாடு செய்வதும் தவறா?

தவறென்று நான் நினைக்கவில்லை. பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, ஆங்கிலத் தேதியில் மாலையில் கேக் வெட்டும் வீடுகள் ஏராளம். இதனால் எவருடைய பிழைப்பும் கெடவில்லை. எவரும் இழிவுபடவும் இல்லை. இவற்றைப் பற்றி எழும் சினத்தை வேறு இடத்தில் செலவிடலாம்.

மெகந்தி, சங்கீத், ஹல்தி போன்ற வடநாட்டுச் சடங்குகள் நம் திருமணங்களில் நுழைவதைப் பற்றி?

இவை வேற்று நாட்டு வழக்கங்கள் அல்ல என்றாலும் நடக்கும் விதம் ஒன்றே. மருதாணி இடுவதும் மஞ்சள் பூசி நலங்கு வைப்பதும் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. நலங்கின்போது மணமகளைச் சுற்றி அமர்ந்த பெண்கள் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடும் பாட்டுகள் இருந்தன. இரு வீட்டாரும் ஒருவரோடு ஒருவர் பழகிக்கொள்ள அவை உதவின. அத்தைமார்களும் பாட்டிமார்களும் பாடிய அந்த இடத்தை இன்று நடனப் பயிற்சியாளரும் ஒலிபெருக்கியும் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் நிறத்தில் அனைவரும் உடுத்தி ஆடுவதில் மகிழ்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டு அறிந்த கடைசித் தலைமுறை அதே மண்டபத்தில் பின்வரிசை நாற்காலியில் வாய்மூடி அமர்ந்திருக்கிறது. அவர்களை ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ள எந்தச் செலவும் இல்லை.

இன்று மிகுந்த அக்கறை காட்ட வேண்டியது எது?

நாதஸ்வரமும் தவிலும் என்பேன். நாதஸ்வரம் மாற்றத்தை மறுத்த கருவி அன்று. நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), கருவி செய்பவரான நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியின் உதவியோடு, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாயனம் என்ற நாதஸ்வர வகையை நிலைநிறுத்தினார். குடந்தைக்கு அருகில் உள்ள அந்த நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கருவிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. வாசிப்பவரின் வாழ்வு அந்த அளவு உயரவில்லை.

பல கோயில்களில் பூசை வேளையில் இப்போது ஒலிப்பது மின்விசையால் இயங்கும் மணி முரசு இயந்திரம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; சம்பளம் கேட்காது. ஆனால் விடியலில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று வேளைக்கேற்ற இராகத்தையும், சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியையும் அது அறியாது. திருமண மண்டபத்திலோ, நாதஸ்வரக் குழுவை அழைத்துவிட்டுப் பக்கத்திலேயே மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கியை அலறவிடுகிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவதோடு நாதஸ்வரக் குழுவின் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒரு குடும்பமோ ஊரோ என்ன செய்ய முடியும்?

திருமணம் நடத்தும் வீட்டார், முகூர்த்தத்துக்கு முன் ஒரு மணி நேரமாவது வேறு ஒலி எதுவும் இல்லாமல் நாதஸ்வரம் மட்டும் ஒலிக்கும்படி ஏற்பாடு செய்யலாம். ஓர் இராகத்தை விரித்து வாசிக்க அந்த நேரம் வேண்டும். பேசிய கூலியை வாசிப்பு முடிந்த உடனே கொடுப்பதும், குழுவினரை விருந்தினரோடு பந்தியில் அமர்த்துவதும் சிறிய செயல்களாகத் தோன்றலாம். சதிராட்டக் குடும்பங்கள் இழந்தவை இவ்விரண்டும்தான் என்பதை எண்ணினால் அப்படித் தோன்றாது.

ஊர்க் கோயிலைப் பொறுத்தவரை, அங்கே நாதஸ்வரம், தவில் பணியிடங்கள் உள்ளனவா, உள்ளவை நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று நிர்வாகத்திடம் எழுத்து வழியாகக் கேட்கலாம். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் இவ்விரு கருவிகளையும் முறையாகப் பயின்ற இளைஞர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பணியிடம் காலியாக இருக்குமானால், அதை நிரப்பும் வரையில் விசேட நாள்களுக்காவது அவர்களை அழைத்து வாசிக்கச் செய்ய ஊரார் ஒன்றுகூடிப் பொருள் சேர்க்கலாம்.